பீரோவுக்குப் பின்னால் ஒரு விமானம்

ட்ரான்ஸ்ஃபர் உத்தியோகக்காரர்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. லாரியில் ஏற்ற முடியாத எதையும் வாங்கக் கூடாது. மீன் தொட்டி, ரோஜாச் செடி, கண்ணாடி ஷோகேஸ், நாய்க்குட்டி... எது கேட்டாலும் "அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்" என்பதுதான் பதில். நான் அம்பாசமுத்திரத்துக்காரன். பி.காம். முடித்து வங்கியில் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. விசாகப்பட்டினம், ராய்ப்பூர் எல்லாம் முடிந்து இப்போது வடோதரா. பையனுக்குப் பன்னிரண்டு வயது. இது மூன்றாவது பள்ளிக்கூடம்.

அந்த "அடுத்த ஊர்" வரவே வராது என்பது அவனுக்கு எங்களுக்கு முன்பே புரிந்துவிட்டது போல. இங்கே வந்த முதல் வருஷம் எதுவுமே கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஜன்னலோரம். கீழே பிள்ளைகள் குஜராத்தியில் கத்திக்கொண்டு விளையாடும், இவன் மூன்றாவது மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே நிற்பான். "யார்கூடவாவது சண்டை போட்டாக்கூட நல்லா இருக்கும்ங்க. ஒண்ணுமே பேச மாட்டேங்கிறானே" என்று தங்கமணி ராத்திரி சொல்லும்போது என்னிடமும் பதில் இல்லை. உங்களில் பலர் வீட்டிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். மார்க்கெல்லாம் நன்றாகத்தான் வாங்குவார்கள். அதனால் பள்ளியில் யாருக்கும் தெரியாது.

2024 அக்டோபர் 28-ஆம் தேதி இந்த ஊரில் விமானத் தொழிற்சாலை ஒன்றைத் திறந்தார்கள். சி-295 என்ற ராணுவச் சரக்கு விமானத்தை டாடாவும் ஏர்பஸ்ஸும் சேர்ந்து செய்யும் இடம். நம் பிரதமரும் ஸ்பெயின் பிரதமரும் வந்திருந்தார்கள். மொத்தம் 56 விமானங்கள். 16 ஸ்பெயினிலிருந்து தயாராக வருவது, மீதி 40 இங்கேயே செய்வது என்று ஏற்பாடு. ஊரே அதைப் பற்றிப் பேசிய வாரத்தில்தான் பையன் கேட்டான்: "அப்பா, நாம ஒண்ணு செய்யலாமா? பறக்கிற மாதிரி?"

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து அவன் கேட்ட முதல் பொருள். வாயில் வரப் பார்த்த "அடுத்த ஊர்ல..." என்பதை அப்படியே விழுங்கினேன்.

கடையில் விற்கும் ரெடிமேட் விமானத்தின் விலையைப் பார்த்தோம். அது கிடக்கட்டும், பெட்டியின் அளவைப் பார்த்தே தங்கமணி தலையை ஆட்டிவிட்டாள். நான் கொஞ்சம் படித்துப் பார்த்ததில் கிடைத்த நல்ல சேதி, இறக்கைக்கு அந்த வளைந்த வடிவமே வேண்டாம் என்பதுதான். 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டு, அதாவது ஸ்டேஷனரிக் கடையில் பிள்ளைகளின் ப்ராஜெக்டுக்கு வாங்குவோமே, அந்த அட்டை. அதைச் செவ்வகமாக வெட்டினால் அதுவே இறக்கை. வேலை முடிந்ததும் ரப்பர் பேண்டைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் செருகிவிடலாம். ட்ரான்ஸ்ஃபர் குடும்பத்துக்கென்றே யாரோ யோசித்த மாதிரி :)

பையனுக்கு நம்பிக்கை இல்லை. அவன் படித்த புத்தகத்தில் இறக்கையின் மேல்பக்கம் வளைந்திருக்கும். மேலே போகிற காற்றுக்குத் தூரம் அதிகம். கீழே போகிற காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேரவேண்டும் என்பதால் வேகமாக ஓடும். அதனால் மேலே அழுத்தம் குறையும் என்று போட்டிருந்தது. இந்த விளக்கம் பல தலைமுறையாகப் பாடப் புத்தகங்களில் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் தப்பு. மேலே போகிற காற்றும் கீழே போகிற காற்றும் ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. மேலே வேகமாக ஓடுவது உண்மைதான், ஆனால் காரணம் அதுவல்ல. இறக்கை கொஞ்சம் சாய்ந்து நின்று காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. திருப்பின அளவுக்குக் காற்று அதை மேலே தள்ளுகிறது. ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்து லேசாகச் சாய்த்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உள்ளங்கை என்ன, விமான இறக்கை வடிவமா?

பெரிய விமானத்துக்கு வளைவு அவசியம். அதில்லாமல் காற்றின் இழுவை தின்றுவிடும். எங்கள் அளவில், மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில், ஒரு சாண் அகல இறக்கைக்கு அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. இன்னும் சின்ன அளவுக்குப் போனால் தடித்த இறக்கையைவிட மெல்லிய தகடே மேல். நம்மூர்த் தும்பியின் சிறகைப் பாருங்கள். தடிமனே கிடையாது, தாள் மாதிரி இருக்கும். அதைவிட நன்றாகப் பறக்கிறது எது?

அப்புறம் இந்த ஊரில் தட்டையான தாள் பறக்கும் என்பதை யாருக்கும் நிரூபிக்கத் தேவையில்லை. நமக்குப் பொங்கல் அன்று இவர்களுக்கு உத்தராயண். ஜனவரி 14-ஆம் தேதி மொத்த ஊரும் மொட்டை மாடியில்தான் இருக்கும், மறுநாள் நம் மாட்டுப் பொங்கலன்று 'வாசி உத்தராயண்' என்று அதன் தொடர்ச்சி. நாங்கள் பால்கனியில் குக்கரில் பொங்கல் வைத்தால் நாலாபக்கமும் "காய்ப்போ சே!" என்ற கூச்சல். நம் பக்கம் ஆடிக் காற்றில் ஈர்க்குச்சியும் பழைய நோட்டுத் தாளும் வைத்து ஒட்டுகிற பட்டத்துக்கு நீள வால் இருக்கும். இவர்கள் பட்டத்துக்கு வாலே இருக்காது. நடுவில் ஒரு மூங்கில் குச்சி, குறுக்கே வில்லாக வளைத்த இன்னொன்று, அவ்வளவுதான். வால் பட்டத்தை அடக்கி நிற்க வைக்கும். இவர்களுக்கு நிற்கிற பட்டம் வேண்டாம், சண்டை போடுகிற பட்டம்தான் வேண்டும்!

எங்கள் விமானத்துக்கு நிச்சயமாக வால் வேண்டும்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன், யாராவது செய்து பார்ப்பீர்கள். இறக்கை 70 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம். நடுவில் வெட்டி, இரண்டு நுனியும் 4 செ.மீ. உயர்கிற மாதிரி லேசான 'வி' ஆக்கி மறுபடி ஒட்ட வேண்டும். இந்த 'வி' இருந்தால், வால் சுக்கானை மட்டும் திருப்பினாலே விமானம் தானாகச் சாய்ந்து திரும்பும். பக்கம் சாய்ந்தாலும் நிமிர்ந்துகொள்ளும். இறக்கையில் அசையும் பாகம் எதுவும் வேண்டாம். கிடைவால் இறக்கையின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. உடம்பு, அதே அட்டையை மடித்த நீளப் பெட்டி. இறக்கையின் அடியில் குறுக்கே ஒரு மூங்கில் பட்டை, வளையாமல் இருக்க. சுக்கான்களை இழுக்கும் கம்பிக்கு மெல்லிய எஃகுக் கம்பி. ஃபெவிக்விக் பக்கம் போகவே கூடாது, ஃபோமை அப்படியே கரைத்துத் தின்றுவிடும். பசைத் துப்பாக்கி போதும், அதுவும் கொஞ்சம் ஆறவிட்டு.

இங்கே கிடைக்கிற அட்டையில் ஒட்டியிருக்கும் தாள் கனமானது. ஒரு பக்கத் தாளை ஈரத்துணியால் நனைத்து உரித்துவிட்டால் எடை நன்றாகக் குறையும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஹாலில் உட்கார்ந்து உரித்தோம். வீட்டில் அப்பளம் காயப்போட்ட மாதிரி இருந்தது.

எடை என்று வந்தால் நம் தொழில் வந்துவிடுகிறது. பையனிடம் ஒரு பேரேடு போடச் சொன்னேன். விமானத்துக்கு எடைதான் கடன். இறக்கையின் பரப்புதான் மூலதனம். வேகம் வட்டி மாதிரி. கடன் ஏற ஏற, விழாமல் இருப்பதற்கே அதிக வேகம் கட்டியாக வேண்டும். அவன் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதியது இது. அட்டை, பசை, டேப் எல்லாம் சேர்த்து 85 கிராம். மோட்டார், அதன் விசிறி, பிடிமானம் 24. மோட்டார் வேகத்தை அடக்கும் இ.எஸ்.சி. 10. சுக்கான்களைத் திருப்பும் இரண்டு சர்வோ 18. ரிசீவர் 8. பேட்டரி 32. கம்பி, ரப்பர் பேண்ட், உதிரி 8. ஆக 185. இந்தக் கணக்குக்கு, மணிக்கு இருபது கிலோமீட்டருக்குக் கீழே போனால்தான் விழும். அதாவது வேகமாக மிதிக்கிற சைக்கிள். பையன் கூடவே ஓடிப் பார்க்கலாம், ஓடியும் பார்த்தான்.

மோட்டார் விஷயத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் குழம்புகிறார்கள். கடையில் 'கே.வி.' என்று ஒரு எண் சொல்வார்கள். அது கிலோவோல்ட் அல்ல! ஒரு வோல்ட் கொடுத்தால், விசிறி மாட்டாமல், நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்ற கணக்கு. பெரிய எண் என்றால் பலசாலி என்று அர்த்தம் இல்லை. அதற்குச் சின்ன விசிறி வேண்டும், அவ்வளவுதான். பலத்தைச் சொல்வது வாட். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்குங்கள். இரண்டு செல் லிப்போ பேட்டரி 7.4 வோல்ட். எங்கள் மோட்டார் முழு வேகத்தில் 6 ஆம்பியர் இழுக்கிறது. ஆக 44 வாட். ஒரு கிலோவுக்கு 220 வாட் என்பது பொழுதுபோக்கு விமானக்காரர்கள் பலகாலமாக வைத்திருக்கும் மனக்கணக்கு. 185 கிராமுக்கு 41 வாட் வருகிறது. போதும்.

பேட்டரி 500 மில்லி ஆம்பியர்-மணி. அதில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, மீதியை 'மினிமம் பேலன்ஸ்' என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அபராதம் கட்டித் தப்பிக்க முடியாது. செல் ஒன்று 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியின் ஆயுளே போகும். பாதி வேகத்தில் சராசரி 3 ஆம்பியர் என்று வைத்தால் எட்டு நிமிடம் பறக்கலாம். பறக்காத நாட்களில் முழுதாக ஏற்றியும் வைக்கக் கூடாது, காலியாகவும் வைக்கக் கூடாது, செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்கவேண்டும். லிப்போ கோபக்கார ஜாதி. நசுங்கினாலோ உப்பினாலோ நெருப்புப் பிடிக்கும். சார்ஜ் போடும்போது பக்கத்தில் ஆள் இருந்தாக வேண்டும். எங்கள் வீட்டில் பால்கனியில் ஒரு மண்சட்டிக்குள் வைத்துத்தான் சார்ஜ். ஊரிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸில் மீன்குழம்புக்காகக் கொண்டுவந்த சட்டி. தங்கமணி இன்னும் அதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

செலவில் பெரிய பங்கு கையில் பிடிக்கும் ரேடியோவுக்கு, 4,500 ரூபாய். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. குறைந்த சக்திக் கருவிகளுக்கு இதில் தனி உரிமம் வேண்டாம் என்று 2005-லேயே அரசு அறிவித்துவிட்டது. மோட்டார், சர்வோ, பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்த்து இன்னொரு 3,000. அட்டை 120 ரூபாய். இந்த 120-தான் இந்தப் பொழுதுபோக்கின் உயிரே என்பேன். விழும், உடையும், உடைகிற பாகம் எப்போதும் அந்த 120 ரூபாயில்தான் இருக்கும். "பத்திரம், பத்திரம்" என்று கேட்டே வளர்ந்த பிள்ளை அவன். லாரி ஏறும் பெட்டிகளின் மேல் நாம் எழுதுகிற வார்த்தையும் அதுதான். முதல்முறை மூக்கு நொறுங்கி விழுந்ததும் என் முகத்தைப் பார்த்தான். "டேப் எடு" என்றேன். பத்து நிமிடத்தில் மறுபடி தயார்.

ஆனால் மறுபடியும் அதே மாதிரி விழுந்தது. கையைவிட்டதும் மூக்கைத் தூக்கும், நிற்கும், வாலால் உட்காரும். கீழ்வீட்டுப் பையன், இவன் வயசுதான், எங்கள் பின்னாலேயே மைதானத்துக்கு வந்திருந்தான். அதுவரை இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. "கேம் படே சே?" என்றான். ஏன் விழுகிறது என்று. பதிலுக்கு இவன் குஜராத்தியில், தட்டுத்தடுமாறி, ஏதோ சொன்னான். பள்ளியில் ஒரு வருஷம் கேட்டுக் கேட்டே மொழி உள்ளே போயிருக்கிறது, வெளியே வருவதற்குத்தான் காரணம் கிடைக்கவில்லை.

அந்தப் பையன் போய்த் தன் தாதாவை அழைத்து வந்தான். உத்தராயண் வந்தால் குடியிருப்பின் பிள்ளைகளுக்கெல்லாம் பட்டத்துக்குக் 'கின்னா' கட்டித் தருகிறவர் அவர். கின்னா என்றால் பட்டத்தின் குச்சியிலிருந்து நூலுக்கு வரும் அந்த முக்கோணக் கட்டு. நம்மூரில் சூத்திரக் கயிறு என்போமே, அது. அது ஒரு விரல் மேலே போனால் ஒரு குணம், கீழே போனால் வேறு குணம். விமானத்தைக் கையில் வாங்கி, இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினார். வால் தொங்கியது. மூக்குப் பக்கம் பாரம் போதாது என்று கையாலேயே காட்டினார். இதைத்தான் புத்தகங்கள் எடை மையம் என்கின்றன. தட்டை இறக்கைக்கு அது முன் விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு 5 செ.மீ.யிலிருந்து 6 செ.மீ. வரை. மூக்கை ஒட்டுப்போட்ட பிறகு பேட்டரி ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்திருந்தது. அதை முன்னால் தள்ளி வைத்தோம். பையன் ஓடிவந்து எறிந்தான், போனது. சும்மா நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

இரண்டு பையன்களும் கத்தின கத்தலில் எது தமிழ், எது குஜராத்தி என்று எனக்குத் தெரியவில்லை.

பறக்கவிடும் இடம் பற்றிக் கட்டாயம் ஒரு வார்த்தை. வடோதராவில் ஹரணிப் பக்கம் விமான நிலையமும் விமானப்படைத் தளமும் இருக்கின்றன. 2021-ஆம் வருஷத்து ட்ரோன் விதிகள் ஆளில்லா எந்த விமானத்துக்கும் பொருந்தும், நம் அட்டை விமானத்துக்கும்தான். 250 கிராம் வரை 'நானோ' வகை, ஓட்டுகிறவருக்கு உரிமம் வேண்டாம். அதற்காக எங்கே வேண்டுமானாலும் விடலாம் என்று அர்த்தமில்லை. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்த்து, மற்ற விதிகளையும் படித்துவிட்டுப் போங்கள். நாங்கள் ஊரைவிட்டு வெளியே பாத்ரா சாலைப் பக்கம் அறுவடையான ஒரு வயலுக்கு, சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, காலை ஆறரைக்குப் போகிறோம். குளிர்காலக் காலையில் காற்று அசையாது. இந்த எடைக்கு அதுதான் தோது. சித்திரை, வைகாசியில் தென்மேற்குக் காற்று ஆரம்பித்துவிட்டால் விமானம் நின்ற இடத்திலேயே மிதக்கும், அப்புறம் பின்னால் போகும்!

உத்தராயணுக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் விடுமுறை. வானம் முழுக்க மாஞ்சாக் கயிறு. நைலான் மாஞ்சாவை 2017-லேயே பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்தது, இருந்தும் பறவைகள் அறுபட்டு விழுவது நிற்கவில்லை. அந்த வாரம் இரண்டு பையன்களும் தாதாவிடம் கின்னா கட்டப் படிக்கிறார்கள்.

இப்போது இங்கே வந்து மூன்று வருஷம் ஆகப் போகிறது. கோடை விடுமுறைக்குள் ஆர்டர் வந்துவிடும். கௌஹாத்தி என்று பேச்சு அடிபடுகிறது. வீட்டில் சொன்னதும் நான் பயந்த மாதிரி அவன் ஜன்னலுக்குப் போகவில்லை. உள்ளே போய் பீரோவுக்குப் பின்னாலிருந்து இறக்கையை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ரொம்ப நேரம் கழித்து, "இதை அவன்கிட்டயே குடுத்துட்டுப் போகட்டுமா?" என்றான்.

எனக்குள் இருக்கும் கணக்குப்பிள்ளை உடனே கூட்டிப் பார்த்தான், மறைப்பானேன். அட்டையைக் கொடுக்கலாம், அது சரி. மோட்டாரும் ரிசீவரும்? அவை இல்லாமல் அது வெறும் அட்டை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, ரேடியோவை மட்டும் நாம் கொண்டுபோனால் அவனால் பறக்கவிட முடியாதே? தங்கமணி கீழே போய்ப் பேசிவிட்டு வந்தாள். தீபாவளிக்குப் பேரனுக்கு அதே ரேடியோவை வாங்கித் தருவதாகத் தாதா சொல்லியிருக்கிறார். அதே கம்பெனி ரேடியோ என்றால் ரிசீவரை அதோடு இணைத்துக்கொள்ள ஒரு நிமிடம் ஆகாது. ஆக விமானம் இங்கே, எங்கள் ரேடியோ எங்களோடு. ரயிலில் லிப்போவைக் கொண்டுபோகிற தொல்லையும் இல்லை, பேட்டரியும் இங்கேயே.

"நமக்கு?" என்று கேட்டேன். "அங்கயும் அட்டை கிடைக்கும்ப்பா" என்றான், என்னவோ நான்தான் சின்னப் பிள்ளை மாதிரி.

போன ஞாயிறு முழுக்க இரண்டு பேரும் பழைய குஜராத்தி நாளிதழ்களை ஒட்டி, இறக்கை, வால், உடம்பு எல்லாவற்றுக்கும் அளவுத்தாள் வெட்டினார்கள். இரண்டு செட். ஒன்று காலண்டர் அட்டைக் குழாயில் சுருட்டி எங்களோடு வருகிறது. இந்தமுறை கிடைவாலை அரை அங்குலம் நீட்டியிருக்கிறார்கள், ஏன் என்று கேட்டதற்குக் குஜராத்தியில் இருவரும் சேர்ந்து விளக்கினார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது.

இங்கே வடோதராவில் இருக்கும் நம்மவர்கள் யாருக்காவது அந்த அளவுத்தாள் வேண்டுமென்றால் மே மாதத்துக்குள் சொல்லுங்கள், இன்னொரு செட் வெட்டச் சொல்கிறேன். அட்டை வாங்கும்போது மட்டும் கடையிலேயே ஒரு ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி மெதுவாகத் திரும்பி வந்தால் நல்ல அட்டை. நொறுக்கென்று உடைந்தால் தெர்மோகோல், அது உங்கள் கொலுவுக்கு ஆகும்.